வேண்டுதலும் சிரிப்பும் நோயில் எதைத் தொடுகின்றன?

பிரபலமான ஒருவர் புற்றுநோயிலிருந்து மீண்டு பேட்டி கொடுத்தால் போதும். மறுநாளே அது வாட்ஸ்அப்பில் வேறு உருவில் சுற்றும்: "மருந்து கைவிட்டது, நம்பிக்கை காப்பாற்றியது", "சிரித்தே நோயை விரட்டினார்." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கீமோ நடக்கிறது என்றால், மலேசியாவில் இருக்கும் சித்தப்பாவிடமிருந்தும் இந்தச் செய்தி வரும், தெருமுனைக் கடைக்காரரிடமிருந்தும் வரும். அனுப்புகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். படிக்கிற நோயாளிக்குத்தான் குழப்பம். கீமோவை விட்டுவிட்டு வேண்டிக்கொண்டால் போதுமா? இல்லை, வேண்டுதல், சிரிப்பு, அக்கம்பக்கத்தார் காட்டும் அன்பு எல்லாமே சும்மா மனசைத் தேற்றுகிற வேலைதானா?

இந்த மூன்றைப் பற்றியும் மருத்துவ ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் விடை "இல்லை" என்றுதான் வருகிறது. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நோய் வேறு, நோயாளி படும் பாடு வேறு

மருத்துவர் அளப்பது நோயை: கட்டியின் அளவு, ரத்தத்தில் உள்ள சர்க்கரை, அடைபட்ட ரத்தக்குழாய். நோயாளி அனுபவிப்பது அதோடு ஒட்டிவரும் பாட்டை: வலி, தூக்கமில்லாமை, வாய்க்கசப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, "நாளைக்கு இவர்கள் என்ன செய்வார்கள்" என்ற கவலை. இரண்டும் பின்னிக்கிடக்கும், ஆனால் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. கட்டி பெரிதாக இருந்தும் வலியே தெரியாதவர்கள் உண்டு. கட்டியை எடுத்து ஆண்டுகள் ஆன பிறகும் பயத்தில் தூங்காதவர்களும் உண்டு.

இந்த வேறுபாட்டை அப்பட்டமாகக் காட்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்து, 2011இல் வெளிவந்தது. ஒரே நோயாளிக்கு வெவ்வேறு நாட்களில் நான்கு விதமாகச் செய்து பார்த்தார்கள்: உண்மையான மருந்துள்ள இன்ஹேலர், மருந்தே இல்லாத போலி இன்ஹேலர், ஊசி குத்துவதுபோல் பாசாங்கு செய்யும் அக்குபங்சர், எதுவும் செய்யாமல் உட்கார வைப்பது. பிறகு மூச்சுத் திறனைக் கருவியால் அளந்தார்கள். உண்மை மருந்தில் அது 20% கூடியது. மற்ற மூன்றிலும் 7% மட்டுமே. அப்புறம், "எவ்வளவு தேவலை?" என்று நோயாளியையே கேட்டார்கள். உண்மை மருந்துக்கு 50% முன்னேற்றம் என்றார்கள். போலி இன்ஹேலருக்கு 45%, போலி அக்குபங்சருக்கு 46%. சும்மா உட்கார்ந்திருந்ததற்கு 21%.

அதாவது, போலி மருந்து படும் பாட்டைக் கிட்டத்தட்ட உண்மை மருந்து அளவுக்கே குறைத்தது. நோயை அது தொடவில்லை. மூச்சுக்குழல் சுருங்கியபடியேதான் இருந்தது. ஆளுக்கு மட்டும் "இப்போது பரவாயில்லை" என்று இருந்தது. இதில் நல்லதும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் முதலாவதை மட்டும் சொல்கின்றன. பகுத்தறிவு பேசுகிறவர்கள் பல நேரம் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள்.

நம்பிக்கை: உள்ளே என்ன நடக்கிறது?

செட்டிநாட்டில் பெரிய நோய் என்றதும் கூடவே ஒரு வேண்டுதலும் வந்துவிடும். பிள்ளையார்பட்டியில் ஒரு அர்ச்சனை, கொன்னையூர் மாரியம்மனுக்குப் பால்குடம், கண்ணில் கோளாறு என்றால் வெள்ளியில் கண்மலர், தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடை. சித்திரையில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்து போகும் வழக்கமும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அங்கே சுவாமியின் பெயரே வைத்தியநாதர். மிளகும் உப்பும் காணிக்கை, குளத்தில் வெல்லம் கரைப்பது, பிரசாதமாகத் திருச்சாந்துருண்டை என்று முழு வழிபாடும் நோயைச் சுற்றியே அமைந்தது.

இப்படி நம்புகிறவரின் உடம்பில் என்ன மாறுகிறது?

1. வலி குறைகிறது, அதுவும் மெய்யாகவே. 1978இல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வலி மருந்து என்று நம்பி வெற்று மருந்தை ஏற்றுக்கொண்டவர்களில் சிலருக்கு வலி தணிந்தது. அவர்களுக்கு நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் வலி மீண்டும் கூடியது. நாலாக்சோன், கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது. ஆகவே, நம்பிக்கை வந்ததும் உடம்பே மார்ஃபின் போன்ற எண்டார்ஃபினைச் சுரந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வது இதனால்தான் சரிப்படாது.

2. கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நிலை மாறுகிறது. ஸ்கேன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்போது வீட்டில் ஒருவருக்கும் செய்வதற்கு எதுவும் இருக்காது. வேண்டுதல் ஒரு வேலையைக் கொடுக்கிறது: செவ்வாய்க்கிழமை விளக்கு, மஞ்சள் துணியில் முடிந்த காசு, குறித்த தேதியில் நடை. என்ன ஆகுமோ என்ற காத்திருப்புக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கிறது.

3. கூட்டம் கிடைக்கிறது. பழனிப் பாதையில் மோர் கொடுக்கிறவருக்கும் வாங்கிக் குடிக்கிறவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. அதனால் என்ன, மாதக்கணக்கில் நோயாளியாக மட்டுமே பார்க்கப்பட்டவர் அங்கே இன்னொரு முருக பக்தர், அவ்வளவுதான்.

நம்பிக்கையே தேவையில்லாமல்கூட இதில் ஒரு பகுதி நடக்கிறது என்பது வேடிக்கை. 2010இல் குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வெற்று மாத்திரை என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள். அவர்களில் 59% பேர் தேவலை என்றார்கள். மாத்திரையே வாங்காத பிரிவில் 35%. வேளைக்கு எடுத்துப் போடுவது, மருத்துவர் உட்கார்ந்து விளக்குவது என்ற சடங்குக்கே ஒரு பலன் இருக்கிறது.

சரி, பிரார்த்தனை நோயைக் குணப்படுத்துமா? நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு 2006இல் வந்தது. இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்காக முன்பின் தெரியாத பக்தர்கள் பிரார்த்தனை செய்தார்கள். நோயாளிக்கு அது உறுதியாகத் தெரியாது. இன்னொரு பிரிவுக்குச் செய்யவில்லை, அவர்களுக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவுக்குச் செய்தார்கள், சொல்லியும்விட்டார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் முறையே 52%, 51%, 59%. பிரார்த்தனை நடப்பது தெரிந்தவர்களுக்குத்தான் சற்றுக் கூடுதல் சிக்கல்! அது தற்செயலாக இருக்கலாம். "எனக்காகக் கூட்டுப் பிரார்த்தனை நடத்துகிற அளவுக்கா நிலைமை?" என்ற கலக்கமாகவும் இருக்கலாம்.

இதைக் கடவுளுக்கு வைத்த பரீட்சை என்று எடுத்துக்கொள்வது தவறு. மூன்று பிரிவினருக்கும் அவரவர் வீட்டார் வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. ஆய்வு சொல்வது சிறிய விஷயம்தான்: ஊர்பேர் தெரியாதவரின் பிரார்த்தனையால் பைபாஸ் சிக்கல் குறையவில்லை. எழுபது பேர் சேர்ந்த குரூப்பில் ஒருவருடைய நோயை அறிவித்து "அனைவரும் வேண்டிக்கொள்ளவும்" என்று போடுவதற்கு முன் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

சிரிப்பு

"சிரித்தே குணமானவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருடையது. 1964இல் முதுகெலும்பு மூட்டுகள் இறுகும் நோய் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரியை விட்டு ஓட்டல் அறைக்கு மாறி, நகைச்சுவைப் படங்கள் பார்த்தார். அதிக அளவில் வைட்டமின் சியும் ஏற்றிக்கொண்டார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். 1976இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்த கட்டுரை அது.

ஃபார்வர்டில் விட்டுப்போகும் மூன்று சங்கதிகள்: அந்த வகை நோய் தானாகவே கூடிக் குறையக்கூடியது. அவருக்கு வந்தது அதுதானா என்று பின்னால் மருத்துவர்கள் ஐயப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிரிப்பு மருத்துவத்துக்கு மாற்று என்று கசின்ஸே சொன்னதில்லை. கூடவே ஒரு மருத்துவரை வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தார். ஆனால் அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வலியால் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவருக்கு அதன் அருமை தெரியும்.

பிரிட்டனில் உளவியலாளர் ராபின் டன்பார் குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு வலுச் சேர்க்கின்றன. நகைச்சுவைக் காட்சி பார்த்துச் சிரித்தவர்களுக்கு, பிபி பட்டையை இறுக்குவதாலோ பனிக்கட்டிபோல் குளிர்ந்த உறையைக் கையில் மாட்டுவதாலோ வரும் வலியைத் தாங்கும் திறன் கூடியது. சாதாரணக் காட்சி பார்த்தவர்களுக்குக் கூடவில்லை. இங்கேயும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று கருதுகிறார்கள். இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆள் சேர்ந்திருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டார் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன். ஆகவே கட்டிலில் கிடப்பவர் காதில் இயர்ஃபோனை மாட்டிப் பட்டிமன்றம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. காரைக்குடிக் கம்பன் கழகம் 1939 முதல் நடத்திவரும் விழாக்களில் வளர்ந்த கலை அது. கூட்டமாக உட்கார்ந்து கேட்பதற்கென்றே உண்டானது. பக்கத்தில் இரண்டு பேராவது உட்கார வேண்டும்.

யார் சிரிக்க வைக்கலாம் என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நோயாளி தொடங்கினால் நாம் சேர்ந்துகொள்ளலாம். "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டவரிடம், "மேலுக்குத்தான் முடியலை, வாய்க்கு ஒண்ணுமில்லை" என்று ஒருவர் சொன்னால், தன் நோயை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டார் என்று பொருள். அதே விதமான கேலியை வந்தவர் தொடங்கினால் அது குத்தலாக விழும். முடி கொட்டியதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வயிற்றில் அறுவை நடந்தவர்கள் சிரிக்கும்போதும் இருமும்போதும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் இழுப்பது குறையும். சிலருக்குச் சிரிப்பே ஆஸ்துமாவைத் தூண்டும். அவர்களுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கட்டும்.

பரிவு: இது மட்டும் நோயையும் தொடுகிறது

நம்பிக்கையும் சிரிப்பும் பெரும்பாலும் படும் பாட்டோடு நிற்கின்றன. மற்றவர்களின் பரிவு ஒருபடி மேலே போகிறது. 148 ஆய்வுகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை 2010இல் தொகுத்துப் பார்த்தபோது, உறவும் நட்பும் பலமாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50% அதிகம் என்று தெரிந்தது.

இதன் வழி என்ன? அன்பு நேராகப் போய்க் கட்டியைக் கரைக்கிறதா என்றும் பார்த்துவிட்டார்கள். மார்பகப் புற்று பரவிய 86 பெண்களிடம் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், வாராந்தர ஆதரவுக் குழுவில் பேசிப் பழகியவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாக வந்தது. உலகமே பரபரத்தது. 235 பெண்களை வைத்து மறுபடி செய்து 2001இல் முடிவு சொன்னபோது ஆயுள் கூடவில்லை. வலியும் மனவேதனையும் மட்டும் குறைந்திருந்தன. பழைய இடத்துக்கே வந்துவிட்டோம்.

வேறொரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வந்த ஆய்வில், மணமானவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு நோய் சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. உரிய சிகிச்சையும் அதிகம் கிடைத்திருந்தது. "இந்தக் கட்டியைக் காட்டினியா இல்லையா?" என்று நச்சரிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்திருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

செட்டிநாட்டுக்கு இது நேராகப் பொருந்தும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளில் பல, இன்று பூட்டிக் கிடக்கின்றன. அல்லது வயதான இருவர் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், பல வாரங்கள். காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ சுமார் 90 கி.மீ. தினமும் யார் அழைத்துப் போவது? பாதியில் நிற்கும் சிகிச்சைகளில் மருந்து தோற்றதால் நின்றவை ஒருபுறம், கார் கிடைக்காமலும் துணைக்கு ஆளில்லாமலும் நின்றவை இன்னொருபுறம்.

எனவே நோய் விசாரிக்க வருகிறவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளாமல் இருந்தால் நல்லது. (ஒரே வீட்டில் அலமாரி நிறைய ஆர்லிக்ஸ், நோயாளிக்குச் சர்க்கரை.) "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "ஆச்சி, வியாழக்கிழமை மதுரைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நாளைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கே தவறுகிறது?

1. வேண்டுதலை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற தாமதம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில்தான் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 1954இல் அடையாறு மையத்தை உண்டாக்கினார். அவர் தங்கையின் காலத்தில் செய்ய அதிகம் இருக்கவில்லை. இன்று மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று போன்றவை தொடக்கத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் குணமாக்கக்கூடியவை. இரண்டு மாதத் தாமதத்தில் அந்தத் தொடக்கம் கைநழுவலாம். ஆஸ்துமா ஆய்வில் பார்த்த ஆபத்து இதுதான்: தேவலை என்று தோன்றும், நோய் நடந்துகொண்டிருக்கும்.

2. உடம்பு தாங்காத நேர்த்திக்கடன். கீமோ போட்ட ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது திருவிழாக் கூட்டமும் குளத்துத் தண்ணீரும் தொற்றுக்கு வழி. இன்சுலின் போடுகிறவர் முழு விரதம் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். வீட்டில் இன்னொருவர் நேர்த்தியை ஏற்றுச் செலுத்துவது நம் வழக்கத்தில் உள்ளதுதான்; அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய லேகியம், கஷாயம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

3. "மனசைத் தைரியமா வச்சுக்க, எல்லாம் சரியாயிடும்." கேட்க நன்றாக இருக்கும் இந்த வார்த்தைக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. நோய் கூடினால், தைரியம் போதவில்லை என்று ஆகிவிடும். தலை, கழுத்துப் புற்று வந்த 1,093 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மனநிலை நன்றாக இருந்ததற்கும் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பே காணவில்லை. அழுகிறவர் தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளவில்லை. அழட்டும்.

4. மறைப்பது. "அப்பச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்று டாக்டரிடமே சொல்லிவைப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அன்பினால் செய்வதுதான். ஆனால் அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாததுபோல் அவரும் நடிப்பார். எல்லாரும் எல்லாரையும் காப்பாற்ற நடிக்கிற வீட்டில் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல முடியாது, கேலி பேச முடியாது, நகை யாருக்கு, வீட்டுப் பங்கு யாருக்கு என்று கேட்கவும் முடியாது. சொல்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் தீர்மானிப்பதைவிட, "நோயைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" என்று மருத்துவர் அவரிடமே கேட்பது மேல். "எதுவும் வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்" என்று அவர் சொன்னால் அதுவும் அவர் முடிவு.

மருத்துவமே இந்தப் பக்கம் வந்த கதை

படும் பாட்டைக் குறைப்பதையே தொழிலாகக் கொண்ட மருத்துவப் பிரிவு ஒன்று இருக்கிறது: பேலியேட்டிவ் கேர் எனப்படும் ஆதரவு சிகிச்சை. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் தொடங்கிய இல்லத்திலிருந்து இது வளர்ந்தது. வலி என்றால் உடம்பு வலி மட்டுமில்லை. மனம், குடும்பம், பணம், ஆன்மிகம் எல்லாம் சேர்ந்த முழு வலி அது என்றார் அவர். நம் அண்டை மாநிலத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலானோர் தொடங்கியது, பின்னர் உள்ளூர்த் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போகும் இயக்கமாகவே மாறியது.

இது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு. நுரையீரல் புற்று முற்றிய 151 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பும் (பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்த அளவு) 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிபி, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம செவிலியரிடமோ பதிந்துகொள்ளலாம். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மதுரைக்குப் போகும் முன் அங்கே விசாரிக்கலாம்.

வலி கடுமையானால் மார்ஃபின் மாத்திரை பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம், மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதைச் சற்று எளிதாக்கியது. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் அடிமையாகிவிடுவோமோ என்ற பயம் பெரும்பாலும் வீண். மலச்சிக்கல்தான் அநேகமாக வரும். மாத்திரை எழுதும்போதே அதற்கான மருந்தையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான்கு நாளில் வயிறு உப்பி, "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று நோயாளி நிறுத்திவிடுவார், அடக்கிவைத்த வலி திரும்ப வந்துவிடும்.